அகாதிர் சந்தையில் ஓர் 'இஞ்சாரப்பா'

சென்ற வருடம் இலையுதிர் காலத்தில், மொரோக்கோவின் அகாதிர் என்ற கடற்கரை நகரத்தில் நடந்தது இது. நானும் மனைவியும் யாழ்ப்பாணத்துக்காரர். இப்போது ஜெர்மனியில், ஹனோவரில் இருக்கிறோம். நான் அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறேன். என் தொழிலை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு வசதியாக இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் உறவுக்காரர் வீடுதான். பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு, லண்டன் என்றால் மச்சாள் வீடு, கனடா என்றால் யார் வீட்டுக்கு முதலில் போவது என்ற சண்டை. வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுத்து, காலையில் புட்டும் சம்பலும் சாப்பிட்டு, ஊரையே பார்க்காமல் திரும்பி வருவோம். ஈபிள் கோபுரத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எல்லாத் தடவையும் காருக்குள் இருந்து, யாரோ ஒருவருடைய கலியாண மண்டபத்துக்குப் பிந்திக்கொண்டு போகும்போது.

"அப்பா, உதுக்குப் பேர் உர்லாவுப் இல்லை. உது பெசூக்," என்றாள் மகள். ஜெர்மன் மொழியில் உர்லாவுப் என்றால் ஓய்வாகப் போய்வருகிற விடுமுறை. பெசூக் என்றால் ஆளைப் பார்க்கப் போவது. எங்களுடைய கலியாண நாளுக்கு அகாதிரில் ஒரு வாரம் தங்க அவளே எல்லாவற்றையும் பதிவு செய்து தந்தாள்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லையம்மா. அதுக்குத்தானே அந்த ஊரைத் தேடிப் பிடிச்சனான்."

மனைவி உடனே பெட்டி அடுக்கத் தொடங்கினாள். பயணப் பெட்டியில் முதலில் வைத்தது உடுப்பு இல்லை. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒரு போத்தல் நிறைய.

எனக்கு வேறு பயம். கொலோனில் ஒரு நண்பர் இருக்கிறார். மொரோக்கோ பக்கம் ஒருநாளும் போகாதவர். அதனால் அந்த நாட்டைப் பற்றி மிக விபரமாகச் சொன்னார். "அண்ணை, சந்தைப் பக்கம் போனால் கவனம். கண்ணை மூடித் துறக்க போன் போயிடும். எல்லாத்தையும் ஒரு இடத்திலை வைச்சுக் கட்டிக்கொண்டு திரியுங்கோ."

அப்படியே செய்தேன். சேர்ட்டுக்கு உள்ளே வயிற்றோடு கட்டுகிற பெரிய பை ஒன்று வாங்கினேன். ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அன்று காலை, இரண்டு பாஸ்போர்ட், இரண்டு கைத்தொலைபேசி, ஹோட்டல் அட்டை, காசு எல்லாம் அதற்குள் போயின. மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. காலையில் குளிசை போட்டால் நேரத்துக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். அதற்காக அவள் கைப்பையில் வைத்திருந்த பிஸ்கட்டையும் வாங்கி உள்ளே தள்ளினேன்.

"நீர் சும்மா கையை வீசிக்கொண்டு ராசாத்தி மாதிரி வாரும்," என்றேன்.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "எத்தினை மாசம்?" என்று கேட்டாள்.

அரை நாள் சுற்றுலா அது. பேருந்து நிறைய ஜெர்மன் ஓய்வூதியக்காரர்கள், எல்லோரும் ஒரே மாதிரி வெளிர் பழுப்பு நிற ஜாக்கெட். வழிகாட்டி என் வயதுக்காரர். முன்னொரு காலத்தில் சில வருடம் கொலோனில் வேலை செய்தவராம். என்னைவிட நன்றாக ஜெர்மன் பேசினார். கையில் பச்சைக் குடை. "குடையைப் பாருங்கள். குடை போகிற இடத்துக்கு நீங்களும் வாருங்கள். வேறு சட்டம் எதுவும் இல்லை," என்றார்.

மலை உச்சியில் இருக்கிற பழைய கோட்டைக்குப் பேருந்து ஏறியது. நான் சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்து, வளைவில் அவர் பிரேக் பிடிக்கிற விதத்துக்கு மனதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"லீவிலை வந்தும் பஸ்தானோ? அங்காலை கடல் கிடக்குது, அதைப் பாருங்கோ," என்றாள் மனைவி.

பார்த்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. முன்பு ஒரு நிலநடுக்கத்தில் பழைய நகரம் சில நொடியில் விழுந்த கதையை வழிகாட்டி சொன்னார். பிறகு இறங்கி மீன்பிடித் துறைமுகம், நீல நிறப் படகுகள், வாழ்நாளில் ஒருநாளும் பட்டினி கிடக்காத கடற்பறவைகள். கடைசியாகச் சந்தை.

சந்தை என்றால் சும்மா சந்தை இல்லை. சுற்றிலும் மதில், பல வாசல்கள், உள்ளே ஒடுங்கிய சந்துகளில் ஒழுங்கை ஒழுங்கையாகக் கடைகள். நான் சரியாகக் குடைக்குப் பின்னால் நடந்தேன். மனைவி எனக்குப் பின்னால். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் இரண்டு எட்டு முன்னால் நடந்து, தலையைத் திருப்பாமல் பின்னால் கதை சொல்லிக்கொண்டு போவது வழக்கம். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

"இஞ்சாரப்பா, இந்தக் கத்தரிக்காயைப் பாரும். கோயிலுக்குச் சோடிச்ச மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறாங்கள்," என்றேன். பின்னால் "ம்" என்று கேட்டது. ஒலிவ் காய்க் குவியலைப் பார்த்து, அவள் சிரிப்பாள் என்று ஒரு பகிடி விட்டேன். "ம்". கொலோன் நண்பரைப் பற்றி ஒரு பகிடி. "ம்". அவள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் பகிடிகளுக்கு அந்த "ம்" மட்டும்தான் தருகிறாள். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பிறகு என் மச்சானின் புதுக் காரைப் பற்றி மனம் திறந்து பேசத் தொடங்கினேன். அதற்கு மட்டும் அவள் ஒருநாளும் "ம்" சொல்ல மாட்டாள். அது அவளுடைய தம்பி. ஆனால் அன்றைக்கு அதற்கும் "ம்" வந்தது.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு நெட்டையான ஜெர்மன் பெரியவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தொலைபேசியில் பேசுகிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு என்னோடுதான் என்று தெரிந்தது. ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நன்றாக இருந்தது," என்றார்.

"என் மனைவி எங்கே?"

"ஒலிவ் கடைக்கு முன்னாலேயே நான்தானே உங்களுக்குப் பின்னால் வருகிறேன்," என்றார் அவர், குற்றவாளி போல.

பரபரப்பில் சேர்ட்டைத் தூக்கி, என் தொலைபேசியை எடுத்து அவளுக்கு அழைத்தேன். உடனே மணி அடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அடிப்பது என் வயிறு.

பையைத் திறந்து பார்த்தேன். அவள் கையில் தொலைபேசி இல்லை, காசு இல்லை, ஹோட்டலின் பெயர் எழுதிய துண்டுகூட இல்லை. பிஸ்கட்டும் என் வயிற்றில். மத்தியானம் ஆகிவிட்டது. சீனி இறங்கினால் அவளுக்குக் கை நடுங்கும், தலை சுற்றும், பேச்சுக் குழறும். மொழி தெரியாத ஊரில் யாராவது அவளைக் குடித்து வெறித்தவள் என்று நினைத்தால்? கள்ளனிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவளிடம் இருந்த எல்லாவற்றையும் பறித்தெடுத்தவன் நான் ஒருவன்தான்.

வழிகாட்டி மற்றவர்களைப் பேருந்துக்கு அனுப்பினார். நெட்டைப் பெரியவர் மட்டும் போக மறுத்துவிட்டார். வந்த வழியே ஒலிவ் கடைக்கு ஓடினோம்.

"பெயர் என்ன?" என்று வழிகாட்டி கேட்டார்.

ஜெர்மனியில் இத்தனை வருடம் அலுவலகங்களில் டெர்மின் என்கிற முன்பதிவுக்கும் ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பத்துக்கும் பெயர் சொல்லிப் பழகிய வாய். யோசிக்காமல் குடும்பப் பெயரைச் சொன்னேன். எங்கள் குடும்பப் பெயர் என்பது என் அப்பாவின் பெயர். வழிகாட்டி அதை ஒலிவ் கடைக்காரரிடம் சொன்னார். அவர் கையை வாயில் குவித்துப் பக்கத்துக் கடைக்குக் கத்தினார். பக்கத்துக் கடை அடுத்த கடைக்கு. சந்தை முழுக்க என் அப்பாவின் பெயர் கேட்டது. யாழ்ப்பாணத்தை விட்டு ஒருநாளும் வெளியே போகாத மனிதர். செத்துப் பல வருடத்துக்குப் பிறகு மொரோக்கோவில் அவரைத் தேடினார்கள். பதில் வரவில்லை. வந்திருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன்.

"இது அலுவலகப் பெயர் மாதிரி இருக்கிறது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்றார் வழிகாட்டி.

நான் தயங்கினேன். "இஞ்சாரப்பா."

"அழகான பெயர். என்ன அர்த்தம்?"

"இங்கே பார் என்று அர்த்தம்."

"அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"அதுவும் இஞ்சாரப்பாதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருடம் கலியாணம் கட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயரா?" பிறகு ஒலிவ் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

முதலில் ஒலிவ் கடைக்காரர். அடுத்தது செருப்புக் கடை. பிறகு பேரீச்சம்பழம், கூடை, பாத்திரம். "இஞ்சாரப்பா! இஞ்சாரப்பா!" ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாக இழுத்து, நீட்டி, பாட்டு மாதிரி. சாமான் வாங்க வந்த பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். நெட்டைப் பெரியவர் இரண்டு கையையும் வாயில் வைத்து, தன் முழு உயரத்துக்கும் "இஞ்சாரப்பா!" என்றார். நானும் கத்தினேன்.

சத்தம் ஒழுங்கைகளுக்குள் போய் மறைந்தது. பிறகு வெகு தூரத்தில் ஏதோ ஒன்று புறப்பட்டு, கடை கடையாக எங்களை நோக்கி வந்தது. பாத்திரக் கடைக்கு வந்தபோது தெளிவாகக் கேட்டது.

"என்னப்பா! என்னப்பா!"

அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவளுடைய பதில். சமையலறையிலிருந்து கொஞ்சம் எரிச்சலோடு தினமும் வருகிற பதில். மொரோக்கோக்காரர்கள் அந்த எரிச்சலையும் சேர்த்து அப்படியே கொண்டுவந்து தந்தார்கள்.

வாசனைச் சாமான் கடை ஒன்றில், சின்ன முக்காலியில் இருந்தாள். பக்கத்தில் அந்தக் கடைக்காரப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவியின் மற்றக் கையில் புதினாத் தேநீர், பாதி குடித்தபடி.

"எங்கையப்பா துலைஞ்சு போனனீங்கள்? பாவம், இந்த மனுசி உங்களை நினைச்சுப் பயந்து போட்டுது," என்றாள்.

நடந்தது இதுதான். கடையில் சிவப்பாக ஒரு தூள் குவியலாக இருந்திருக்கிறது. இவள் நின்று, விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "உறைப்பு இல்லை" என்று சைகை காட்டினாளாம். கடைக்காரப் பெண்ணுக்கு ரோசம் வந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாளாம். அதுவும் இல்லை. மூன்றாவதும் இல்லை. மொரோக்கோவின் மானத்தை அந்தப் பெண் ஒருவழியாகக் காப்பாற்றி முடித்தபோது, பச்சைக் குடையைக் காணவில்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி, தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்பது என்று இவள் நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெண் அதைக் கண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு இருத்தி, தேநீரில் சீனிக்கட்டியைப் போட்டுப் போட்டுக் கலக்கி வாயில் வைத்துக் குடிக்கப் பண்ணியிருக்கிறாள். ஒருவர் பேசியது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"முதல் எங்கடை மாமான்ரை பேர் மாதிரிக் கேட்டுது. செத்த மனுசனை ஆர் இஞ்சை தேடப்போயினம் எண்டு பேசாமல் இருந்திட்டன்," என்றாள் மனைவி.

நான் சேர்ட்டைத் தூக்கிப் பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். எல்லாம் நொருங்கித் தூளாகியிருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். அந்தக் கையை நான் பிடித்தேன். சந்தைக்கு நடுவில், எல்லோரும் பார்க்க. எங்கள் பக்கத்தில் அதெல்லாம் வழக்கம் இல்லை. கடைக்காரப் பெண் பார்த்துச் சிரித்துவிட்டு எனக்கும் ஒரு தேநீர் ஊற்றினாள்.

பேருந்தில் காத்திருந்தவர்கள் பிந்தியதற்குக் கடிகாரத்தைக் காட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். நெட்டைப் பெரியவர் எனக்கு முன்னாலேயே ஏறிக் கதையைச் சொல்லிவிட்டார். பழுப்பு ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒரே குரலில் "இஞ்சாரப்பா!" என்று வரவேற்றன. மனைவி சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குக் கழுத்தில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை வழிகாட்டி வேறு ஆட்களை ஏற்ற எங்கள் ஹோட்டலுக்கு வந்தபோது, மனைவி மிளகாய்த்தூள் போத்தலை அவர் கையில் கொடுத்தாள். அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு. மிச்ச நாள் முழுக்க நான் ஹோட்டல் சாப்பாட்டை உறைப்பில்லாமல் விழுங்கினேன், முறைப்பாடு செய்யும் தகுதி இல்லாமல். புறப்படுகிற அன்று வழிகாட்டி ஒரு கட்டுப் புதினாவோடு வந்தார். அந்தப் பெண் தூளைத் தொட்டு நாக்கில் வைத்தாளாம். கண்ணால் தண்ணீர் ஓட ஓட, சிரித்துச் சிரித்து, ஒலிவ் கடைக்காரரையும் கூப்பிட்டு அழவைத்தாளாம்.

ஹனோவருக்கு வந்த பிறகு, இனிமேல் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஒருநாள் முயன்றேன். அவள் கையில் இருந்த அகப்பையோடு ஓடி வந்து, "என்னப்பா, நெஞ்சு கிஞ்சு நோகுதோ?" என்று கேட்டாள். அத்தோடு விட்டுவிட்டேன். வயிற்றுப் பையை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் வெட்கத்தில் அதை யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள்.

வேலையில் நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில் பின்னால் பார்ப்பவன் நான். ஏறுகிறவர், இறங்குகிறவர், கதவோரம் நிற்கிறவர் எல்லோரும் என் கண்ணுக்குள் இருப்பார்கள். ஆனால் கண்ணாடி இல்லாத இடத்தில் கழுத்தைத் திருப்பலாம் என்பதை அகாதிர் போய்த்தான் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் தெருவில் நடந்தபடி ஒரு பகிடியைத் தொடங்கினால் முதலில் திரும்பிப் பார்க்கிறேன், "ம்" சொல்ல அவள்தான் பின்னால் வருகிறாளா என்று; அவளைக் கண்ட பிறகு அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வராவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.