புகையிலைக்குத் திரும்பிப் போன ரிஸ்டோ

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ட்ராமுக்குக் காத்து நின்றபோது மாசிடோனியாவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ரிஸ்டோவின் அயல்வீட்டுப் பெண் வெஸ்னா. ஞாயிறு காலை ரிஸ்டோ தோட்டத்தில் விழுந்து இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்று தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் சொன்னார். பெட்டி தூக்க ஊரில் ஆள் போதாமல் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்களாம்.

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்துக் கதவுத் தொழிற்சாலையில் வேலை செய்த நம்மவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். இருபத்திரண்டு வருடம் பசை இயந்திரத்தில் அவரும் நானும் எதிரெதிரே நின்றோம். கோடை விடுமுறைக்கு மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். அவர் ஊருக்குப் போய்ப் புகையிலை ஆய்ந்துவிட்டு, சவர்க்காரத்துக்கும் போகாத கறுத்த விரல்களோடு திரும்புவார். மனைவி இறந்து, மகளும் மெல்பேர்னில் குடியேறிய பிறகு, பென்ஷன் எடுத்த மாதமே ஊரோடு போய்விட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் கடைசியில் வரும் மாதா திருநாளுக்கு அங்கே போயிருந்தேன். அங்கே விளைவது எங்கள் ஊர்ப் புகையிலை போல அகலமில்லை. இலை உள்ளங்கை அளவுதான். வெயில் ஏறுமுன் ஒவ்வொன்றாக ஆய்ந்து, நீண்ட ஊசியால் நூலில் கோத்துக் காயவிட வேண்டும். குளிர்காலத்தில் வாங்க வருகிறவன் தரத்தைத் தானே தீர்மானிப்பான். பயிர் செய்தவனுக்கு அதில் பேச்சில்லை.

திருநாளன்று எல்லா வீட்டிலும் கதவைத் திறந்துவைத்துச் சாப்பாட்டு மேசை போடுவார்கள். யாரும் நுழையலாம். ரிஸ்டோ பன்னிரண்டு கதிரை போட்டார். பாதிரியார் வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். பிறகு வெஸ்னாவும் நானும் மட்டுந்தான். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பின்னேரம்வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இங்கே வந்து தனிய இருக்கிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் பேச்சு ஜெர்மனில்தான். எனக்கு அது இப்படித்தான் நினைவிருக்கிறது.

“அங்க நான் எழும்பாட்டியும் ஒருத்தருக்கும் தெரியாது. இங்க நான் எழும்பாட்டி இலை வாடிப்போகும்.”

இந்த வருடமும் திருநாளுக்குக் கூப்பிட்டார். லீவு தரவில்லை என்றேன். “சரி, அடுத்த வருசம் பாப்பம்” என்றார்.

லீவு கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் போய், அந்த வெறும் கதிரைகளுக்கு நடுவில் மறுபடி உட்கார எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதினாலு நாளும் வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

செய்தியைக் கேட்ட என் மனைவி, “நீங்கள் ஒருக்கா போயிட்டு வந்திருக்கலாம்” என்றாள்.

தொலைபேசியை வைக்குமுன் வெஸ்னா இன்னொன்றும் சொன்னார். திருநாளன்று, உங்கள் ஜெர்மனி நண்பர் இந்த முறை வரவில்லையே என்று வெஸ்னா அவரிடம் கேட்டிருக்கிறார். “அவன் வரத்தான் நிண்டவன். வேலையில விடேல்லை” என்று ரிஸ்டோ எனக்காகப் பேசினாராம்.

அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. என்னை நம்பி அவர் சொன்ன அந்தச் சமாதானம்தான் இருக்கிறது.