எஃகு ஸ்பிரிங் என்று எழுதியவர்

கடை ஷட்டர் ரிப்பேர் செய்பவருக்கு விரல்கள் நசுங்கிய பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஷட்டர் நழுவினால் தானே கவ்விப் பிடிக்கும் கொக்கி ஒன்றைச் செய்தார்.

"முதல்ல பேடண்ட் வக்கீலைப் பாருங்க மாமா" என்று மைத்துனன் தலைபாடாக அடித்துக்கொண்டான்.

"நான் பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்க அவன் எதுக்குடா?"

பேடண்ட் விண்ணப்பத்தை இவரே எழுதினார். பட்டறைப் புத்தி, ‘அரை அங்குல எஃகு ஸ்பிரிங் வைத்த கொக்கி’ என்று அச்சுப் பிசகாமல் எழுதினார். பேடண்டும் கிடைத்தது.

இப்போது கடைக்குக் கடை அதே கொக்கி, வேறொரு கம்பெனியின் பெயரில். ஒன்றை வாங்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் இருந்தது.

"ஸ்பிரிங்னு எழுதினீங்க, அதனால அது மட்டும்தான் உங்களுது. எதை வச்சுக் கவ்வினாலும் எனக்கேன்னு எழுதியிருக்கணும். எழுதறதுக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"இப்ப ரப்பரையும் சேத்துக்கலாங்களா? கால்ல வேணாலும் விழறேன்."

"பேடண்ட் குடுத்த பிறகு உரிமையை அகலப்படுத்த விடமாட்டாங்க ஐயா."

வெளியே வந்தார். எதிர்க்கடைக்காரர் இழுத்த ஷட்டர் பாதியில் நழுவி, டக்கென்று நின்றது. அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் தன் நசுங்கிய விரல்களைப் பிடித்தபடி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.