அம்மா அளந்த வட்டம்

பற்றவைத்த இரும்பு ஆறும்போது ஒரு மணம் வரும். தீய்ந்த கடுகுக்கும் மழை விழுந்த தார்ச்சாலைக்கும் நடுவிலான மணம். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயதான அந்த ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை முழுவதும், தங்கா பத்துவில் இருந்த எங்கள் வீட்டின் துணியிலும் தலையணையிலும் சோற்றிலும்கூட அந்த மணம்தான் வீசியது. வீட்டை ஒட்டியே அப்பாவின் இரும்புப் பட்டறை. அதற்குள் ஒரு ராட்சதக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு கூரை நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருந்தது.

அப்பா மாணிக்கம், தோட்டத்தில் "கித்தா" எனப்படும் ரப்பர் மரம் சீவியவரின் மகன். பதினாறு ஆண்டுகள் பிறர் பட்டறைகளில் வாசல் கேட்டும் சன்னல் கம்பியும் செய்துவிட்டு, அந்த ஆண்டுதான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார். முதல் பெரிய வேலையாக வந்தது, கோலா சுங்கை பாருவுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல் எழும்பிக்கொண்டிருந்த வானாய்வுக் கூடத்தின் சுழலும் கூரை. அப்படியொன்றை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கையில் இருந்ததெல்லாம் ஒரு வரைபடம்தான்.

சாப்பாட்டு வேளையில் அதை விரித்து எங்களுக்கு விளக்குவார். கூரையின் உச்சியிலிருந்து விளிம்புவரை ஒரு நீண்ட திறப்பு இருக்கும். தொலைநோக்கி வானத்தின் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் திறப்பும் வர வேண்டும் என்பதால் முழுக் கூரையும் ஓர் இரும்பு வளையத்தின்மேல் சக்கரங்களில் சுற்ற வேண்டும். தொலைநோக்கியைத் தாங்கும் தூணுக்குத் தனி அடித்தளம். அது தரையைத் தொடாதபடி சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விடுவார்கள். "இல்லாட்டி யாராச்சும் நடந்தாலே போதும், உள்ள நிலா குதிக்கும்!" என்று சொல்லிவிட்டு, தானே கண்டுபிடித்ததைப் போலச் சிரிப்பார்.

சோதனை பார்க்கப் பொறியாளர் ரோஸ்லான் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கூரையின் எலும்புக்கூட்டை வளையத்தின்மேல் ஏற்றி, நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். கால் வட்டம் கிறீச்சிட்டபடி சுற்றியது. பிறகு "டக்"கென்று நின்றது. எவ்வளவு முட்டியும் அசையவில்லை. ரோஸ்லான் கோபிக்கவில்லை. சனிக்கிழமை திரும்பி வருவதாகவும், அதற்குள் சுற்றாவிட்டால் வேலையைக் கோலாலம்பூரில் வேறு ஆளிடம் கொடுப்பதைத் தவிரத் தனக்கு வழியில்லை என்றும் மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சொந்தப் பட்டறை அதோடு முடிந்துவிடும் என்பது எனக்கே புரிந்தது.

அம்மா லெட்சுமி, பத்து பெரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். முடியைவிட மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியில் பார்த்து, குறையுள்ளவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை. அன்று சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர், நீலச் சீருடையைக்கூட மாற்றாமல் நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"எத்தன எடத்துல அளந்தீங்க?"

"நாலு எடத்துல. எல்லாம் சரியாத்தான் லா இருக்கு."

"நாலு எடம் பத்தாதுங்க. எங்க க்யூசி சோதனையில நாலு எடம் பாத்துட்டு ஓக்கேன்னு சொன்னா, வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

அம்மா வளையத்தின் நடுவில் ஒரு குழாயை நட்டார். அதில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கட்டி, சாணுக்குச் சாண் நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, அளவுகளை ஒரு நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதினார். இருட்டுவதற்குள் சுற்றி முடித்து நிமிர்ந்தார்.

"முட்டையாட்டம் இருக்குங்க. வாசப் பக்கம் வீங்கி, வேலிப் பக்கம் ஒடுங்கி."

"பதினாறு வருசமா பத்தவைக்கிறேன். நீ எனக்குச் சொல்றியா?" என்று வெடித்த அப்பா, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தாளை மடித்துக் கம்பியின் கீழே வைத்துவிட்டு, சோற்றுக்கு உலை வைக்கப் போனார்.

மறுநாள் காலை நாங்கள் "பசியாற" எழுந்தபோது அப்பா பட்டறையில் இருந்தார். அம்மாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதே எண்களில் தானும் அளந்துகொண்டிருந்தார். கடைசி எண்ணுக்கு வந்ததும் வளையத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே பக்கமா, ஒரே மூச்சுல பத்தவச்சிட்டேன். சூடு இரும்ப இழுத்துருச்சு."

அம்மா மூன்று நாள் விடுப்பு எடுத்தார். அப்பா வளையத்தை நான்கு இடங்களில் அறுத்தார். இந்தப் பக்கம் ஒரு விரல்நீளம் பற்றவைத்தால், அடுத்தது நேர் எதிர்ப்பக்கம்; தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பு; பிறகு அம்மா வந்து அளப்பார். "இன்னும் கொஞ்சம்" என்பார். அப்பா சம்மட்டியால் தட்டுவார். "போதும்" என்பார். அவர்கள் இருவரும் ஒரே வேலையில் குனிந்து நின்றதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ரோஸ்லான் ஒற்றைக் கையால் தள்ளினார். கூரை சத்தமில்லாமல் புறப்பட்டு, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதற்கு மேலும் அரைச் சுற்று தானாகவே ஓடி நின்றது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறின. எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டவரிடம், அப்பா அம்மாவைக் கைகாட்டினார். "என் மனைவி கணக்கு" என்று மலாயில் சொன்னபோது, தன் முதலாளியை அறிமுகப்படுத்துவது போல நிமிர்ந்து நின்றார்.

வெப்பம் தங்காமல் இருக்க வெள்ளை அடித்து, கிரேனில் தூக்கிக் குன்றின்மேல் ஏற்றினார்கள். கூடம் திறந்த முதல் மாலை எங்களையும் அழைத்தார்கள். உள்ளே தங்கிய சூடான காற்று காட்சியை நடுங்க வைக்குமாம். அதனால் வெயில் சாயும்போதே திறப்பை விரித்திருந்தார்கள். கூரையைச் சுற்றும் கைச்சக்கரத்தைச் சுழற்ற அம்மாவை விட்டார்கள். திறப்பு மெல்ல நகர்ந்து, சிவந்த கடலுக்கு மேலே வந்து நின்றது. அங்கே பிறை. தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "பிசிறே இல்லங்க."

இன்று அந்தப் பட்டறை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அப்பா இல்லை. கூரையை இப்போது மோட்டார் சுற்றுகிறது. கரையோரக் கட்டடங்களின் வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் பலவும் மறைந்துவிட்டன. போன மாதம் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். மூச்சு வாங்கப் படியேறியவர், தொலைநோக்கியில் பார்க்கக் காத்திருந்த நீண்ட வரிசையைக் கண்டதும் நேராக வாசலில் நின்ற தமிழ் இளைஞனிடம் போனார்.

"இது எங்க வூட்டுக்காரரு செஞ்ச கூர, தம்பி. நான் மொதல்ல பாக்குறேன் லா."

அவன் வழிவிட்டான்.