முப்பது நொடி மௌனம்

"ஏதாவது வைரஸ் புகுந்திருக்கும்" என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். அந்த ஃபைல் இன்னும் எங்கள் ஸ்டூடியோவில் இருக்கிறது. காதில் ஹெட்போன் மாட்ட தைரியம் இருந்தால் வாருங்கள்.

எங்களுடையது தைபேக்குத் தெற்கே ஜியாயீ ஊரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம். பொம்மலாட்டத் தொடர்களுக்குக் குரல் பதிவு செய்கிறோம். ராஜா, திருடன், கிழவி எல்லோருக்கும் ஒரே ஆள்தான் பேசுவார். எங்களுக்கு அது சுவாங் அண்ணன். ஏப்ரலில் இறந்துவிட்டார். நுரையீரல் புற்று.

ஒரே ஒரு வசனம் பாக்கி. தொடரின் கடைசி வசனம், கிழட்டுத் தளபதி பேசுவது.

அதற்கு மட்டும் வேறு குரல் போட்டால் அப்பட்டமாகத் தெரியும். டிவிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் அவர் குரலிலேயே வராவிட்டால், தொடர் முழுவதையும் புது ஆளை வைத்துப் பேசவைப்பார்களாம். சாகும்வரை அவர் இருமி இருமிப் பேசிய அத்தனையும் குப்பைக்கு. அவர் மனைவி யுவே-ச்சின் அக்காதான் கதை வசனம் எழுதுபவர். "பழைய பதிவுல எங்கயாவது துண்டு துக்கடாவா இருக்கும், தேடுடா போ-ஹான்" என்று தினமும் எனக்கு போன்.

சனிக்கிழமை புயல் விடுமுறை. மதியம் மூன்று மணிக்கே வெளியே இருட்டு. ஸ்டூடியோவில் நான் மட்டும். கரண்ட் போவதற்குள் சுவாங் அண்ணன் பதிவுகளைத் தைபே ஆபீஸில் இருக்கும் நகலோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எங்கள் பழைய டிஸ்க்கை நம்ப முடியாது.

வழக்கமாக அந்த மென்பொருள் சோம்பேறி. ஃபைலின் அளவும் கடைசியாகத் திருத்திய தேதியும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், மாறவில்லை என்று தாண்டிப் போய்விடும். டிஸ்க் மேல் சந்தேகம் என்பதால் நான் முழுச் சோதனை போட்டேன். அப்போது ஒவ்வொரு ஃபைலையும் முழுக்கப் படித்து ஒரு கைரேகை எடுக்கும். கைரேகை ஒத்துப்போகாவிட்டால், ஃபைலைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் தைபேக்கு அனுப்பும்.

3:20. முடிந்தது.

மாறியது ஒரு ஃபைல்.

அளவு அதே. தேதி அதே. மார்ச் மாதம், அவர் கடைசியாகப் பதிவு செய்த நாள்.

தைபே ஆபீஸில் நகல்களைப் பார்த்துக்கொள்ளும் பெய்-சுவானுக்கு போன் போட்டேன்.

"ஒண்ணுதானே? நிம்மதியா வீட்டுக்குப் போடா. காத்துல பறந்துடப் போற."

"அது காலி ரூம் பதிவு, பெய்-சுவான்."

அவள் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் யாரும் பேசாமல் அறையின் மௌனத்தை முப்பது நொடி பதிவு செய்து வைப்போம். வெட்டிய இடங்களில் ஒட்ட. அதில் மாறுவதற்கு எதுவுமே கிடையாது.

"டிஸ்க் செத்துட்டு இருக்கு. அவ்வளவுதான்."

"டிஸ்க் கெட்டா அங்கொண்ணு இங்கொண்ணா மாறும். இது வரிசையா மாறியிருக்கு. முதல் துண்டு, ரெண்டாவது, மூணாவது..."

"இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினேன்.

நான்காவது. ஐந்தாவது.

ஹெட்போனை மாட்டினேன். முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்ற மௌனம். பிறகு... காகிதம் திருப்பும் சத்தம்.

இருமல்.

எனக்குத் தெரிந்த இருமல்.

"போ-ஹான்... எனக்கும் கேக்குது," என்றாள் போனில். "இங்க வந்த நகல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு அறை. பூட்டியிருந்தது. இருட்டில் மைக் தெரிந்தது. அவர் நாற்காலி தெரிந்தது. நாற்காலி மேல் பச்சைப் பாக்கெட்.

சர்வர் மேலெல்லாம் பச்சைப் பாக்கெட் தின்பண்டம் வைப்போம், மெஷின் அடம்பிடிக்காமல் ஓட. கண்டிப்பாகப் பச்சை. காலாவதி ஆகக் கூடாது. பிப்ரவரியில் சுவாங் அண்ணன் ஒன்றை எடுத்துப்போய்த் தன் நாற்காலியில் வைத்தார். "மெஷினுக்கு மட்டும்தானாடா? நானும் நிக்காம ஓடணும்ல!"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

மறுபடி ஓட்டினேன்.

ஆறாவது துண்டு.

மூச்சு...

ஏழு.

டப்.

கரண்ட் போனது. பேட்டரி 'பீப்... பீப்...' என்றது. திரை மட்டும் எரிந்தது.

எட்டு.

கிழட்டுத் தளபதி பொம்மையின் குரல். சுத்தமாக. காதுக்குள்.

"விளக்கை அணைக்காதே... நான் இன்னும் போகவில்லை."

ஹெட்போனை வீசிவிட்டு ஓடினேன். புயலில் நனைந்தபடி ஓரமாக நின்று யுவே-ச்சின் அக்காவுக்கு போன் செய்தேன்.

"தளபதி குரல் கிடைச்சுதுக்கா. ஆனா ஸ்கிரிப்ட்ல 'கோட்டை நம்முடையது'ன்னுதானே இருக்கு? இது வேற."

"என்ன சொல்றாரு?"

சொன்னேன்.



"அது நான் மாத்தி எழுதினது," என்றார் அக்கா. "அவரு போன பிறகு. ஒருத்தருக்கும் காட்டலடா."

திங்கட்கிழமை வசனத்தைக் கொடுத்தோம். அவர் குரலிலேயே தொடர் முழுதும் ஒளிபரப்பானது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கா அழுதார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

போன வாரம் பகல் வெளிச்சத்தில் பதிவு அறையைத் திறந்தோம். நாற்காலியிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுவாங் அண்ணன் வைத்தது ஜூனிலேயே காலாவதி ஆகியிருக்க வேண்டும். இதில் அடுத்த வருடத் தேதி.

இன்னொரு சாவி துப்புரவு செய்யும் ஹோ அத்தையிடம்தான். அவரிடம் கேட்டேன்.

"நான்தான் மாத்தினேன். பச்சைப் பாக்கெட் எங்க இருந்தாலும் தேதி முடியறதுக்குள்ள மாத்திடணும்னு நீதானப்பா சொன்ன? இல்லன்னா வேலை நின்னுடுமாமே?"

பாக்கெட் அங்கேயேதான் இருக்கிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

இன்று காலையும் முழுச் சோதனை ஓட்டினேன்.

மாறியது ஒரு ஃபைல். ஒன்பதாவது துண்டு.

தொடர் முடிந்துவிட்டது. அவரிடம் யார் போய்ச் சொல்வது?