அவள் காதும் என் கால்களும்

என்னோடு ஒரே பிரசவத்தில் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள். எனக்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்தவள். அதற்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களை அடையாளம் பிரிக்க முடியாமல் ஆசிரியர்கள் திணறியிருக்கிறார்கள். கல்யாணமாகி அவள் திருவாடானைப் பக்கம் காடுகரையில் பாடுபடுகிற ஒரு சம்சாரி வீட்டுக்குப் போனாள். நான் இராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வெயில் அவளைக் கறுக்கவைத்து வற்றவைத்திருந்தது. நான் வெளுத்துப் பெருத்திருந்தேன்.

என் மகளுக்கு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. உடம்பின் செல்களுக்கு எப்படி வயதாகிறது என்பதுதான் அவள் படிப்பு. போன மாசியில் விடுமுறைக்கு வந்தவள், கைப்பிடியின் பலத்தை அளக்கிற ஒரு சின்னக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“நீயும் பெரியம்மாவும் ஒரே கருவுல இருந்து பிரிஞ்சவங்கம்மா. மரபணு ஒண்ணுதான். ஆனா சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் வேற வேற. ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை” என்றாள்.

எனக்கு அங்கே போகவே தயக்கமாக இருந்தது. சில வருடங்களாக அவள் என்னிடம் முன்போலப் பேசுவதில்லை. போன் செய்தால் நான் ஒன்று கேட்பேன், அவள் வேறொன்று சொல்வாள். பேச்சு சூடு பிடிக்கும் முன்பே “சரி, வைக்கவா” என்று வைத்துவிடுவாள். விசேஷ வீடுகளில் எங்கள் கூட்டத்தில் சேராமல் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். எதில் குறை வைத்தோம் என்று யோசித்து அலுத்து, நானும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

மகளின் பிடிவாதத்தால் பஸ் ஏறினோம். நாங்கள் போன நேரம் அவள் களத்தில் முண்டு மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாத்தா, எளச்சுப் போயிட்டியே” என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மோர் குடித்தபின் மகள் கருவியை எடுத்தாள். பெரியம்மா பிடித்த பிடியில் முள் விறுவிறுவென்று ஏறியது. நான் பல்லைக் கடித்து அமுக்கியும் அதில் பாதிக்குத்தான் வந்தது. அடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். பெரியம்மா சளைக்காமல் செய்தாள். நான் இரண்டாவது முறையே நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டேன்.

“காலுக்குப் பலம் கொறஞ்சு போச்சும்மா. வயசானா தசை கரையத்தான் செய்யும். ஆனா எந்த வயசுல பயிற்சி ஆரம்பிச்சாலும் கொஞ்சமாவது திரும்பி வரும்னு இப்ப நல்லாத் தெரிஞ்சிருக்கு” என்றாள் மகள்.

அவள் பெரியம்மா மறுபடி மிளகாயைக் கிளறப் போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். “பெரியம்மா, ராத்திரிக்கு என்ன குழம்பு?” என்று மகள் கேட்டாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்டாள். அவள் பாட்டுக்குக் கிளறிக்கொண்டே இருந்தாள். மகள் எதிரே போய் நின்றதும்தான் நிமிர்ந்து, அவள் வாயையே உற்றுப் பார்த்து, “என்னத்தா கேட்டே?” என்றாள்.

கோபமுமில்லை, ஒதுக்கமுமில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். “ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? போன்ல நீ பேசுறது கொரகொரன்னுதான் கேக்கும். திருப்பித் திருப்பிக் கேட்டா நீ சலிச்சுக்குவேன்னு வச்சிருவேன். கூட்டத்துல எல்லாரும் சிரிப்பீக, எதுக்குன்னு புரியாம நானும் சிரிக்கணும். அதுக்கு அங்கன போய்த் தனியா உக்காந்துக்கிறதே தேவலை.”

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மகள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கேட்காத காதை அப்படியே விட்டால், பின்னால் ஞாபகசக்தியும் குறைய வாய்ப்பு கூடுதலாம். “காதுல மெஷின் வச்சா அது சிலருக்குத் தள்ளிப் போகலாம்னு சொல்றாங்க பெரியம்மா. நிச்சயம்னு சொல்ல மாட்டேன், இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா பேச்சு கேக்கும், அது நிச்சயம்.”

“மெஷின் மாட்டுனா கெழவின்னு சொல்ல மாட்டாகளா?”

“உனக்கென்ன, கொமரியா?” என்றேன். “நீ மெஷினை மாட்டு. நான் தெனமும் எந்திரிச்சு உக்காருறேன்.”

அவள் யோசித்துவிட்டு, “மொதல்ல நீ எந்திரிச்சுக் காட்டு” என்றாள்.

நாற்காலியின் கையைப் பிடித்தபடியே எழுந்து காட்டினேன். மறுவாரம் மதுரைக்குப் போனோம். காதைச் சோதித்த டாக்டர், வயதால் காது நரம்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி மெஷினுக்கு எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் ஆட்டோ ஹாரன் கேட்டுத் துள்ளிவிட்டாள். முதல் சில நாட்கள் பாத்திரச் சத்தம் தாங்கவில்லை என்று கழற்றிக் கழற்றி வைத்தாள். பிறகு பழகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் பழக்கத்தில் இன்னமும் உரக்கவே பேசுகிறார். “எதுக்குக் கத்துறீக?” என்று அவரை அதட்டுகிறாள்.

இப்போது காலையில் காப்பி குடித்ததும் நான் நாற்காலிப் பயிற்சி செய்கிறேன். கைபடாமல் எழ முடிகிறது. மாடிப்படி முன்போல மிரட்டுவதில்லை.

போன மாதம் நாங்கள் இருவர் மட்டும் இராமேசுவரம் போனோம். தீர்த்தமாடும் முன் அவள் மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கூட்ட நெரிசலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் நான் அவள் கையை விடவே இல்லை. கிணற்றுக்குக் கிணறு நனைந்த சேலையோடு வழுக்குகிற தரையில் நடந்தோம். என் கால்கள் ஏமாற்றவில்லை. எல்லாத் தீர்த்தமும் ஆடி முடித்து, உடை மாற்றி, வெளியே ஒரு கடையில் உட்கார்ந்தோம். அவள் காதை நன்றாகத் துடைத்து மெஷினை மாட்டினாள்.

“இட்லி சொல்லவா, பொங்கலா?” என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

“ரெண்டும் சொல்லு. பசி கொல்லுது” என்றாள்.