மாப்பிள்ளையைப் பற்றி ஒரு நகல் மனு

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விசாரிப்பது என்றால், பெண் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார்கள். அவர் வீட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் பையன் எப்படி என்று கேட்பார்கள். தங்கமான பையன் என்று கடைக்காரர் சொல்வார். மோசமான பையன், பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்று எந்த டீக்கடைக்காரராவது சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. தினமும் காலையில் அந்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டிய மனிதர் எப்படிச் சொல்வார்?

எனக்கு வந்த மாப்பிள்ளையையும் அண்ணன் இப்படித்தான் டீக்கடையிலும் அவருடைய கம்பெனியிலும் விசாரித்துவிட்டு வந்தார். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. முதல் கல்யாணம் ஒத்து வராமல் விவாகரத்து ஆனவர். அதை அவர்கள் மறைக்கவில்லை. எனக்கும் முப்பது தாண்டிவிட்டது. அப்பா இல்லாத வீடு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்குப் பெருமூச்சு வரும். மாப்பிள்ளை போனில் இரண்டு தடவை பேசினார், மரியாதையாகப் பேசினார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பின்னால் நான் செய்ததைப் பார்த்துவிட்டு, இவள் கல்யாணம் வேண்டாமென்று சாக்குத் தேடினாள் என்று ஊரில் பேசினார்கள். அது பொய் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேசி முடிக்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பாதான் முன்னால் உட்கார்ந்து பேசினார். நல்ல பேச்சுக்காரர். பையனின் ஒழுங்கைப் புகழ்ந்துகொண்டே போனவர், புகழ்ச்சியின் வேகத்தில் ஒன்று சொன்னார்: "கேஸு நடந்தப்போகூட, காலைல ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டுட்டுத்தான் ஷிப்ட்டுக்குப் போவான். ஒருநாள்கூட லேட்டானது கெடையாது."

என்ன கேஸ் என்று அண்ணன் கேட்டார். அது ஏதோ நிலத் தகராறு, போன வருஷமே முடிந்துவிட்டது என்றார் பெரியப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் தலையாட்டத்தான் செய்வார்கள். கம்பெனிகள் வந்து நிலத்துக்கு விலை ஏறிய பிறகு, அண்ணன் தம்பி மேல் கேஸ் போடாத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. கேஸ் என்றாலே நிலம் என்றுதான் காதில் விழும். அடுத்த பேச்சு மண்டபத்தைப் பற்றிப் போய்விட்டது.

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனசு அந்தக் கையெழுத்தை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் சித்தப்பாவோடு நிலக் கேஸ் நடக்கிறது. வாய்தா வாய்தாவாக நடக்கிறதே தவிர, யாரும் எங்களை ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. ஜாமீனில் வந்தவர்களைத்தான் அப்படிப் போடச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"எல்லா வூட்லயும் ஒரு கேஸு கீது. நம்ம வூட்ல இல்லியா? நீ இன்னாத்துக்கு இதெல்லாம் நோண்டற?" என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மா வேறு நடுவில் புகுந்தாள். அந்த ஆயிரத்தையும் கேட்டுக்கொண்டு வாழப்போவது யார்? எனக்குக் கோபம் வந்தது. நான் பார்ப்பது கார் பாகங்களைச் சோதிக்கிற வேலை. பொருள் நன்றாக இருக்கிறது என்று கொண்டுவந்தவர் எவ்வளவு சொன்னாலும் அளந்து பார்க்காமல் லைனுக்கு விட மாட்டோம். ஒரு இரும்புத் துண்டுக்குக் கிடைக்கிற ஜாக்கிரதை எனக்குக் கிடைக்கக் கூடாதா?

நீதிமன்ற வழக்குகளைத் தேடுவதற்கு அரசாங்கத்தின் இணையதளம் இருப்பது எங்கள் நிலக் கேஸால் எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது தேடினேன். மாநிலம், மாவட்டம், அவர்கள் ஊருக்கான நீதிமன்றம், அப்புறம் பெயர், வருஷம். முதலில் ஒன்றும் வரவில்லை. கேஸ் முடிந்த வருஷத்தைப் போட்டிருந்தேன். அங்கே கேட்பது கேஸ் பதிவான வருஷம். அதை மாற்றியும் வரவில்லை. நிலுவையில் இருக்கிற வழக்குகளில் தேடிக்கொண்டிருந்தது அப்புறம்தான் உறைத்தது. முடிந்த வழக்குகள் என்பதைத் தொட்டேன். அதே பெயரில் பலர் வந்தார்கள். அவர்கள் ஊருக்கான போலீஸ் ஸ்டேஷனையும் அவர் அப்பா பெயரையும் வைத்துப் பார்த்ததில் ஒருவர் மிஞ்சினார். எதிரெதிர் கட்சி இரண்டு: ஒரு பக்கம் காவல் ஆய்வாளர், இன்னொரு பக்கம் எனக்கு நிச்சயம் ஆகப்போகிற மாப்பிள்ளை. சட்டப் பிரிவு என்ற இடத்தில் 498-ஏ. அது நிலப் பிரிவு இல்லை என்பது சீரியல் பார்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். மனைவியைக் கொடுமைப்படுத்தினால் போடுகிற பிரிவு. முடிவு என்ற இடத்தில் 'விடுதலை' என்று இருந்தது. பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்களே என்று அண்ணனுக்கே கொஞ்சம் கோபம் வந்தது. பெரியப்பாவுக்குப் போன் போட்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அந்தப் பெண் பொய்க் கேஸ் கொடுத்தாள், அதைச் சொல்லவே அசிங்கமாக இருந்தது, அதனால்தான் நிலம் என்றோம், பொய் என்பதால்தானே கோர்ட்டே விட்டது என்றார். அண்ணனுக்குச் சமாதானம் ஆகிவிட்டது. அம்மாவுக்கும் ஆகிவிட்டது. எனக்கும் ஆகியிருக்கலாம். பொய்க் கேஸ் கொடுக்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியென்றால் தீர்ப்பிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு நானே நாள் குறிக்கச் சொல்கிறேன் என்றேன். இணையதளத்தில் முடிவு மட்டும்தான் இருந்தது, தீர்ப்பு இல்லை. அதற்குக் கோர்ட்டுக்கே போக வேண்டும். கோர்ட்டுப் படி ஏறிய பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா கேட்டாள். ஏறிய ஆணுக்குத்தானே என்னைக் கட்டிவைக்கப் பார்க்கிறீர்கள் என்றேன்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். நகல் பிரிவில் இருந்தவர் வழக்கு எண்ணைப் பார்த்துவிட்டு, நீங்கள் இந்த வழக்கில் யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். வாதியும் இல்லாமல் எதிரியும் இல்லாமல் வந்தால் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் நகல் கேட்கலாம், ஆனால் எதற்குக் கேட்கிறார் என்று பிரமாணப் பத்திரம் எழுதி மனுவோடு கொடுக்க வேண்டும், நீதிபதி பார்த்து உத்தரவு போட்டால்தான் ரெக்கார்டு அறையிலிருந்து வழக்குக் கட்டை எடுப்போம் என்று பொறுமையாகவே சொன்னார். வக்கீல் வைத்துக்கொண்டால் சுலபம் என்றார். நானே கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். கொடுக்கலாம், யாரும் கொடுப்பதில்லை என்றார்.

வெளியே மனு டைப் அடித்துக் கொடுக்கிற கடை இருந்தது. அடிக்கிறவர் மடமடவென்று மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு, என்ன காரணம் போட வேண்டும் என்றார். அவரை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், அதனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொந்த உபயோகத்துக்கு என்று போட்டுவிடலாமே, எதற்கு மானத்தை வாங்கிக்கொள்கிறீர்கள் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் யார் மானம்? சொன்னபடியே அடியுங்கள் என்றேன். அடித்தார். பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல் அம்மா அதைப் படித்துப் பார்த்துச் சான்றொப்பம் போட்டுத் தந்தார்.

இன்னொரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். டவாலி என் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். கோர்ட் நிறைய ஆண்கள். பாதிப் பேர் எங்களைப் போல நிலத்துக்காக வந்தவர்களாக இருக்கும். நீதிபதி மனுவைப் படித்தார், நிமிர்ந்தார், மறுபடியும் படித்தார். மாப்பிள்ளையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் விசாரிக்கவில்லையா என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

"விசாரிச்சாங்க ஐயா. டீக்கடைல கேட்டாங்க, கம்பெனில கேட்டாங்க. அவங்க யாரும் சத்தியம் பண்ணிட்டு பதில் சொல்லல. இங்க சொன்னவங்க எல்லாம் சத்தியம் பண்ணிட்டு சொல்லியிருக்காங்க. அதத்தான் படிக்கணும்னு கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. தீர்ப்போடு சாட்சிகளின் வாக்குமூலமும் வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். அதையும் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. வேண்டும் என்றேன். மனுவிலேயே எழுதி உத்தரவு போட்டார்.

நகல் தயாரானதும் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். பொய்க் கேஸாக இருக்கட்டும் என்றுதான் அப்போதும் மனசுக்குள் இருந்தது. கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுகிறார்கள். எதிரி எதிரி என்று பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர் வந்தது. முதல் சாட்சி அந்த மனைவி. போலீஸில் சொன்னதையெல்லாம் கூண்டில் மறுத்திருந்தாள். தான் வழுக்கி விழுந்ததாகவும், எதிரியோடு சமரசம் ஆகிவிட்டதாகவும், விவாகரத்துக்கு அவர் சம்மதித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தாள். அதனால் அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவித்திருந்தார்கள். அடுத்தது டாக்டர். முன்கை எலும்பு முறிவு, கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் பதிந்த தடம், கணவர் தாக்கியதாக அந்தப் பெண்ணே அப்போது சொன்னார் என்பது அவர் வாக்குமூலம். வழுக்கி விழுந்தால் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்? மூன்றாவது சாட்சி, எதிரியின் வீட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர்.

அவரேதான். அலறல் கேட்டுக் கடையை விட்டு ஓடியதாகவும், அந்தப் பெண் வாசலில் கிடந்ததாகவும், தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் சொல்லியிருந்தார். யார் அடித்தது என்று நான் பார்க்கவில்லை என்று முடித்திருந்தார். அண்ணனுக்கு டீ கொடுத்துத் தங்கமான பையன் என்று சொன்ன அதே வாய். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஓடிப்போய்த் தூக்கியவர் அவர் ஒருத்தர்தான். கடைசிப் பக்கத்தில் நீதிபதி எழுதியிருந்தார்: முக்கிய சாட்சியே வழக்கை ஆதரிக்கவில்லை, கண்ணால் பார்த்த வேறு சாட்சி இல்லை, எனவே சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன். பொய் வழக்கு என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்காக எனக்கு அழுகை வந்தது. வெளியே வருவதற்கு அவளுக்குக் கிடைத்த வழி அந்தப் பொய் ஒன்றுதான்.

வீட்டில் டாக்டர் சொன்னதை மட்டும் சத்தமாகப் படித்தேன். "அந்தப் பொண்ணு இப்ப எங்க கீதாம்?" என்று அம்மா கேட்டாள். அது இதில் இல்லை என்றேன். அம்மா அண்ணனைப் பார்த்து, வேண்டாமென்று சொல்லிவிடு என்றாள்.

அண்ணன் போனை எடுத்தார். எங்கள் பக்கத்தில் வரன் வேண்டாமென்றால் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். யாருக்கும் மனக்கசப்பு வராது. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போவார்கள். அண்ணனும் அதைத்தான் சொல்லத் தொடங்கினார். யாரோ வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஏதோ தோஷமாம். அந்த அடுத்த வீட்டை நினைத்தேன். அண்ணன் கையிலிருந்து போனை வாங்கினேன். அவர் தடுக்கவில்லை.

"மாமா, நான்தான் பேசறேன். ஜாதகம் எல்லாம் நல்லாத்தான் கீது. கோர்ட்ல காப்பி வாங்கி, தீர்ப்பையும் சாட்சி சொன்னதையும் முழுசா படிச்சிட்டேன். அதனாலதான் வேணாம்னு சொல்றேன்."

அதான் விடுதலை ஆகிவிட்டானேம்மா, கோர்ட்டே விட்டுவிட்டது, நீ யார் சந்தேகப்படுவதற்கு என்று பெரியப்பா கேட்டார்.

"கட்டிக்கப் போறவ மாமா. கோர்ட்டுக்கும் சந்தேகம்தான் இருந்துச்சு. அதோட பலன அவருக்குக் குடுத்துச்சு. எனக்கும் சந்தேகம் கீது. அதோட பலன நான் எடுத்துக்கறேன்."