ஏற்றத்தில் நின்ற வண்டி

எழுபதுகளின் நடுவில், கம்பம்மெட்டுக்குப் பத்து மைல் உள்ளே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழைய கார் ஒன்றை வைத்து நான் பிழைத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் லாரியை விட்டால் அந்தப் பக்கத்தில் ஓடுகிற வண்டி அது ஒன்றுதான். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுச் சாலையில் ஒரு பட்டறையில் ஏழு வருடம் ஸ்பானர் பிடித்தவன் நான். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவேன் என்று டீக்கடையில் உட்கார்ந்து அளப்பேன். முன்கோபமும் உண்டு. மூக்குக்கு மேல் வரும், வந்தால் எதிரில் நிற்பது யார் என்று தெரியாது.

ஆடி மாதத்து வியாழக்கிழமை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் ஃபாக்டரியில் இலை உருட்டும் மெஷினில் ஒருவரின் வலது கை சிக்கிக்கொண்டது. முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. லாரி தேயிலை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போயிருந்தது. என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தான்.

எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் அவருடைய மணிக்கட்டுக்கு மேலே ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டியிருந்தார். கம்பத்து ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து ஒரு சர்ஜன் வருவார், நான்கு மணி அடித்தால் கிளம்பிவிடுவார். அவரிடம் சேர்த்தால் கை பிழைக்கும், இல்லாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியதுதான் என்று கம்பவுண்டர் என் காதோடு சொன்னார். பிறகு அடிபட்டவரின் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “கால் மணிக்கு ஒருதரம் குழாயைத் தளர்த்தி, ரெண்டு நிமிஷம் விட்டுக் கட்டணும். மறந்தா கீழே உள்ள கை செத்துப்போகும். ஒராள் கையைத் தூக்கிப் பிடிச்சாத்தான் இன்னொராள் அவிழ்க்க முடியும்.” நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். பின்சீட்டில் அவர் மனைவியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார்.

இரண்டேகாலுக்குப் புறப்பட்டோம். கம்பம்மெட்டு மேடு வரைக்கும் பத்து மைல் ஏற்றம், அப்புறம் கம்பத்துக்கு இறக்கம். மூன்றரை, மிஞ்சினால் மூன்றே முக்காலுக்குப் போய்விடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

நான்காவது மைலில் வண்டி இருமியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்து அப்படியே நின்றுவிட்டது. பானட்டைத் தூக்கினேன். பெட்ரோல் பம்ப்பின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். கிண்ணம் காலியாக இருந்தது.

“ஏர் லாக்குங்க. பத்து நிமிஷம், சரியாப்போயிரும்” என்றேன்.

பாலக்காட்டு வெயிலில் கோடையில் இது தினப்படி நடக்கிற கூத்து. குழாயிலேயே பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு, ஆறவிட்டு எடுத்தால் வண்டி ஓடும். நானும் ஓடையில் துணியை நனைத்துப் போட்டேன். முந்தின நாளும் இதே மாதிரி நின்று, இதே வைத்தியத்தில் ஓடியிருந்தது. மலையில் ஆடி மாதத்துக் குளிரில் பெட்ரோல் எப்படி ஆவியாகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த அம்மா கூப்பிட, நான் கையைத் தூக்கிப் பிடித்தேன், அவர் ரப்பர் குழாயைத் தளர்த்தினார். ரத்தம் என் சட்டையெல்லாம் ஆனது. கால் மணி கழித்துச் சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பியது. பார்த்தீர்களா என்கிற மாதிரி திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தேன்.

இரண்டு மைல்கூடப் போகவில்லை, மறுபடி நின்றது. கிண்ணம் காலி.

இந்தத் தடவை குழாயில் தூசி அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றப் போனால் ஸ்பானர் வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்போது பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

“அண்ணே, நேரமாச்சு. கையைக் கொஞ்சம் பிடிங்கண்ணே.”

“இருங்க.”

“கால் மணி தாண்டிட்டுண்ணே…”

“சித்த வாயை மூடிட்டு இருக்கீங்களா?” என்று கத்தினேன். “மணி மணின்னு உசுரை வாங்கறீங்க. வண்டி ஓடோணுமா வேண்டாமா?”

அவர் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் நான் போய்க் கையைப் பிடிக்கத்தான் செய்தேன், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிடித்தேன். திரும்பி வந்து குழாயில் வாயை வைத்து மூச்சைக் கட்டி ஊதினேன். பின்னால் டாங்கில் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. பூட்டி எடுத்தேன். முன்னைவிட ஒரு மைல் அதிகமாகவே ஓடியது. தூசிதான், போய்விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மேட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது, இருக்கிறதிலேயே செங்குத்தான வளைவில், மூன்றாம் தடவை நின்றது. மணி மூன்றரையைத் தாண்டியிருக்கும். கடிகாரம் அந்த அம்மாவிடம் இருந்தது, கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிண்ணத்தைப் பார்த்தேன், சொட்டு இல்லை. பம்ப்பின் கைப்பிடியை அடித்துப் பார்த்தேன். இழுக்கத்தான் செய்தது, ஆனால் ஒன்றும் வரவில்லை. டாங்கில்தான் பெட்ரோல் இருக்கிறதா என்ற சந்தேகமே வந்துவிட்டது. ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு பின்னால் போய், டாங்க் வாயில் கட்டியிருந்த ரப்பரை அவிழ்த்து, மூடியைத் திருகினேன்.

டாங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அதன் தகரம் டொங்கென்று ஒரு சத்தம் போட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன், நான் அப்பிய சோப்பு அப்படியே இருந்தது.

மூன்று நாளைக்கு முன் மழைத்தண்ணீர் டாங்குக்குள் இறங்கி வண்டி மக்கர் செய்தது. மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதன் வழியாகத்தான் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, துணி துவைக்கும் சோப்பைக் குழைத்து அந்தத் துளையை அடைத்தேன். டாங்க் ஒழுகினால் சோப்பு வைத்து அடைப்பது பட்டறைப் பழக்கம். அதுவும் போதாதென்று பழைய டியூப் ரப்பரை இறுக்கிக் கட்டினேன். அந்த மலையில் மழைக்குப் பயந்து பாதிப் பேர் இப்படி எதையாவது மூடிக் கட்டிக்கொண்டுதான் இருப்போம். ஆனால் பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் துளை. அடைத்துவிட்டால் டாங்கே பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் விடாது. நின்ற பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் காற்றுக் கசிந்து நுழைந்திருக்கிறது. ஈரத்துணியில் ஒன்றும் இல்லை. நான் ஊதிய மூச்சு டாங்குக்குள் போனதால்தான் ஒரு மைல் அதிகமாக ஓடியது. பட்டறையில் முதல் மாதமே தெரிந்துகொண்ட சங்கதி இது.

முள்ளால் சோப்பைக் குத்தி எடுத்தேன். வண்டி கிளம்பியது, அப்புறம் நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது அந்த அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் என் முதுகைப் பார்ப்பதுமாக இருந்தார். உதடு அசைந்தது, பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது மணி நாலரை. சர்ஜன் போய் அரை மணி ஆகியிருந்தது. அன்று மாலையே அங்கிருந்த டாக்டர் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்.

வண்டிக்கு என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். “பெட்ரோல்ல தூசிங்க” என்றேன். ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் ஆளே போயிருப்பான் என்றுதான் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் என்னை முதலில் உட்காரச் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் உட்கார்ந்தேன்.

நான்கு மாதம் கழித்து, கை போன அந்த மனிதர் மேட்டுக்குப் போக என் வண்டியில் ஏறினார். அப்போது அவருக்கு இலை நிறுக்கும் கொட்டகையில் காவல் வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டில் சௌக்கியமா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

“எங்கண்ணே” என்றார் அவர். “அவ ராத்திரி தூங்க மாட்டேங்கா. எழுந்து எழுந்து உக்காந்துக்கிடுதா. கடைசியா வண்டி நின்னப்ப கையில கட்டுன குழாயைத் தளர்த்த நேரம் தாண்டிப் போச்சாம். சொன்னா நீங்க ஏசுவீயளோன்னு பயந்து சொல்லாம இருந்துட்டாளாம். அதான் என் கை போச்சுங்கா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்கவே மாட்டேங்கா.”

மேட்டில் அவரை இறக்கிவிட்டு நேராக லைனுக்குத் திரும்பினேன். அந்த அம்மா வாசலில் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு வைத்ததை, ரப்பர் கட்டியதை, தூசி என்று பொய் சொன்னதை. “நேரத்துக்குப் போயிருந்தா கை இருந்திருக்குமுங்க. உங்களைப் பாத்துக் கத்துனதும் நான்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க” என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே?”

“தெரியுமுங்க.”

“நாலு மாசமா?”

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் லைனில் என் மதிப்பு போனது, அது போக வேண்டியதுதான். வேறு வண்டி இல்லாததால் மற்றவர்கள் ஏறத்தான் செய்தார்கள். அந்த அம்மா மட்டும் ஏறவில்லை. கம்பத்துக்குப் போக வேண்டுமென்றால் பத்து மைலும் நடந்து, மேட்டில் பஸ் பிடித்துப் போவார். வழியில் நான் போனால் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விடுவார். நான் ஒருநாளும் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னதில்லை.